இடையில் விலகும் ஆசிரியர்

கடல் கடந்து கற்பிக்க வந்த ஆசிரியர் ஒருவர், ஒப்புக்கொண்ட இரண்டாண்டுக் காலம் முடியுமுன் பணியை விட்டு விலகினார் என்ற செய்தி பரவினால், சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையிலும் தேக்காச் சந்தையிலும் தீர்ப்பு ஒரு நொடியில் வழங்கப்பட்டுவிடுகிறது. “கையெழுத்துப் போட்டவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?” என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. “அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறார், அதற்குமேல் யாருக்கு என்ன?” என்பது மறு சாராரின் தீர்ப்பு. முன்னது அறத்தின் குரல்போல் ஒலிக்கிறது. பின்னது உலகியல் அறிவுபோல் ஒலிக்கிறது. இரண்டுமே பிழையானவை. முன்னவர் ஆசிரியரை முதலாளியின் உடைமையாக்குகிறார். பின்னவர் மாணவரை அடியோடு மறந்துவிடுகிறார்.

ஈண்டுப் பேசப்படுவோர் யார் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நன்று. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்று, கல்வி அமைச்சின் பணியில் அமரும் சிங்கப்பூர் ஆசிரியர்களைப் பற்றியதன்று இவ்வழக்கு. தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வேலை அனுமதி பெற்று, தனியார் பாலர் பள்ளியிலோ துணைப்பாட நிலையத்திலோ அனைத்துலகப் பள்ளியிலோ கற்பிக்க வருவோரைப் பற்றியது. அவர்களுடைய தங்கும் உரிமை பணியோடு பிணைக்கப்பட்டது. பணி போனால் அனுமதியும் போகும். இந்த ஒன்றை மறந்துவிட்டு ஒப்பந்த அறம் பேசுவது, ஒருவன் கையைக் கட்டிவைத்துவிட்டு மற்றவனோடு மற்போர் செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும்.

‘சொன்ன சொல்’ என்னும் வாதம் பழைமையானது. அது நெடுங்காலம் சிறைக்கதவின் துணையோடு நின்ற வாதம் என்பதைத் தமிழர் மறந்துவிடலாகாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 492ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. முதலாளியின் செலவில் தொலைவிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளி, எழுத்து ஒப்பந்தப்படி மூன்றாண்டுக்கு மேற்படாத காலம் உழைக்கக் கடமைப்பட்டவன், இடையில் விட்டுச் சென்றால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது வழிச்செலவின் இருமடங்கு வரை தண்டம், அல்லது இரண்டும். 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டமும் அவ்வகையினதே. இவ்விரண்டும் 1925இல்தான் நீக்கப்பட்டன. சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் இயற்றப்பெற்ற குற்றவியல் சட்டம் அந்த இந்தியச் சட்டத்தையே பெரிதும் அடியொற்றி எழுந்தது. மலாயாவுக்கு இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910இல் ஒழிக்கப்படும் வரை, வேலையை விட்டகன்ற கூலி கடன்காரனாகக் கருதப்படவில்லை, குற்றவாளியாகவே கருதப்பட்டான்.

1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வழக்குரைஞராக இருந்த காந்தியடிகளின் அலுவலகத்துக்குத் தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழரை நினைவுகூர்க. முதலாளி அடித்ததில் அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிந்துகொண்டிருந்தது. சாதாரண வேலைக்காரன் அறிவிப்பின்றி விலகினால் உரிமையியல் மன்றத்தில் வழக்கு. ஒப்பந்தத் தொழிலாளி விலகினாலோ குற்றவியல் மன்றத்தில் வழக்கு, சிறை. அதனால்தான் அடிபட்ட பின்னரும் பாலசுந்தரத்தால் நடந்து வெளியேறிவிட இயலவில்லை. காந்தியடிகள் முதலாளியைத் தண்டிக்க முனையவில்லை. பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றித் தரும் வழியையே நாடினார். அந்தக் காலத்துச் சட்டத்தில் இருந்த விடுதலை அவ்வளவுதான்.

‘கூலிகளின் கதைக்கும் பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் என்ன தொடர்பு?’ என வினவுவோர் உளர். 492ஆம் பிரிவு கைவினைஞரையும் தொழிலாளரையும் குறித்ததேயன்றி ஆசிரியரைக் குறித்ததன்று என்பது உண்மையே. ஆயின் அப்பிரிவின் இறுதியில் ஒரு விலக்கு இருந்தது: முதலாளி அவனைக் கொடுமைப்படுத்தியிருந்தாலோ, ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்றத் தவறியிருந்தாலோ, விலகியவன் குற்றவாளி ஆகான். வெள்ளையர் ஆட்சி தோட்ட முதலாளிகளின் நலம் காக்க இயற்றிய சட்டமே இவ்விலக்கை அளித்தது. இன்று தேநீர்க் கடையில் தீர்ப்பளிப்போரின் அறத்திலோ அந்த விலக்குக்கூட இல்லை. ‘கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?’ என்பதோடு அவர்கள் விசாரணை முடிந்துவிடுகிறது. ஊதியம் நாளில் வந்ததா, சொன்ன ஊதியம்தானா, கற்பிக்க அழைத்துவரப்பட்டவர் கற்பித்தாரா அல்லது விளம்பரத் தாள் விநியோகிக்கவும் கணக்கெழுதவும் ஏவப்பட்டாரா என்று அவர்கள் கேட்பதில்லை. 1860ஆம் ஆண்டைவிடவும் பின்தங்கிய அறத்தை அறமென்று எப்படி ஏற்பது?

சிங்கப்பூரின் இன்றைய சட்டம் இவர்களைவிட மிக முன்னே நிற்கிறது. வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் முதல் நிபுணர்களையும் நிர்வாகிகளையும் உள்ளடக்கி ஏறத்தாழ எல்லா ஊழியர்க்கும் பொருந்துகிறது. ஒப்பந்தத்தில் கண்ட அறிவிப்பைக் கொடுத்தோ, அறிவிப்புக் காலத்துக்கு ஈடான ஊதியத்தைச் செலுத்தியோ இரு தரப்பில் எவரும் பணியை முடித்துக்கொள்ளலாம். அறிவிப்புக் காலம் இரு தரப்பார்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஊதியக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊதியம் வழங்கப்பட வேண்டும். உரியவாறு வழங்காத முதலாளி ஒப்பந்தத்தைத் தாமே முறித்தவராகக் கருதப்படுவார். ஊழியரின் கடப்பிதழை முதலாளி பறித்து வைத்துக்கொள்வது குற்றம். வேலை கொடுத்ததற்குக் கைம்மாறாக ஊழியரிடம் பணம் பெறுவதும் குற்றம். ஆக, அறிவிப்புக் கொடுத்து விலகுவது ஒப்பந்த மீறலே அன்று. ஒப்பந்தத்திலேயே அடங்கிய ஓர் உரிமை. அதைத் துரோகம் எனப் பெயரிட்டு அழைப்போர் ஒப்பந்தத்தை முழுவதும் படியாதவர்கள்.

இனி, ‘மூன்று மாத ஊதியம் அபராதம்’, ‘ஆறு மாத ஊதியம் அபராதம்’ என்று அச்சிட்டு நீட்டப்படும் தாள்களைப் பற்றி ஒரு சொல். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை எதுவாயினும் நீதிமன்றம் அதை அப்படியே வாங்கித் தந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அது தவறு. ஏற்படக்கூடிய இழப்பை நேர்மையாக முன்மதிப்பிட்ட தொகையா, அல்லது அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்ட தண்டமா என்று பார்க்கும் கோட்பாடு, 1915இல் இங்கிலாந்தில் டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கில் வகுக்கப்பட்டது. (லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவுக்கும் இவ்வழக்குக்கும் தொடர்பில்லை, அத்தெருவைக் கடப்போர் வழக்கை நினைத்துக்கொண்டால் தீங்கும் இல்லை.) இங்கிலாந்தே 2015இல் அக்கோட்பாட்டைத் தளர்த்திக்கொண்ட பின்னரும், சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பழைய டன்லப் அளவுகோலையே உறுதிசெய்தது. அச்சுறுத்தத் தீட்டிய தொகை இங்குச் செல்லாது. ஆனால் வழக்காடப் பணமும் காலமும் வேண்டும். அனுமதி முடிந்து சில வாரங்களில் நாடு திரும்ப வேண்டியவருக்கு அவ்விரண்டும் ஏது? போதாக்குறைக்கு, வெளிநாட்டு ஊழியர் விலகும்போது வருமான வரி தீர்க்கப்படும் வரை அவருக்குரிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்க வேண்டுமென்பதும் விதி. வரிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை. எனினும் கடைசி மாத ஊதியம் கையில் இல்லாதவர் அபராதத்தோடு வாதாடுவதில்லை. கையொப்பமிட்டு விட்டு விமானம் ஏறுகிறார்.

சிங்கப்பூரர்க்கு நன்கு பழக்கமான இன்னொரு வாதமும் உண்டு. அரசாங்க உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு சென்று படித்துவிட்டு, பணிசெய்ய ஒப்புக்கொண்ட ஆண்டுகளை நிறைவேற்றாமல் பணத்தைக் கட்டிவிட்டு விலகுவோர் பற்றி 1998இல் எழுந்த பெரும் விவாதமே அது. பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்த பிலிப் இயோ, அவ்வாறு விலகுவோரின் பெயர்களைப் பொதுவில் வெளியிடும் முடிவை முன்வைத்தார். பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்ததா, அன்றி அதற்கப்பால் ஒழுக்கக் கடமை எஞ்சுகிறதா என்று நாடாளுமன்றம்வரை பேசப்பட்டது. அந்த விவாதத்தின் சொற்களை எடுத்துவந்து ஆசிரியர்மீது எறிகிறார்கள்: ‘ஒப்பந்தத்தை உடைத்தவர்’, ‘நன்றி மறந்தவர்’.

இது பொருந்தா உவமை. உபகாரச் சம்பளம் பெற்றவரின் படிப்புக்கு இந்நாட்டு மக்களின் பணம் செலவழிந்தது. அவர் மறுக்கும் கடமை அந்த மக்களுக்கு உரியது. எனவே ஒழுக்கக் கடன் உண்டு என்னும் வாதத்துக்கு வலிமை இருக்கிறது. திருச்சியிலோ நெல்லையிலோ படித்துப் பட்டமும் பயிற்சியும் பெற்று இங்கு வரும் ஆசிரியரின் கல்விக்குச் செலவழித்தவர் யார்? அவருடைய பெற்றோரும் தமிழகத்து வரி செலுத்துவோருமே. அவரைப் பணியமர்த்தும் நிலையம் ஒரு காசும் செலவழியாமல், ஆயத்தமான ஆசிரியரைப் பெறுகிறது. நன்றிக்கடன் பேசுவதானால் அது எத்திசையில் பாய வேண்டும்? விமானச் சீட்டும் முதல் மாதத்துத் தங்குமிடமும் முதலாளி கொடுத்திருக்கலாம். கொடுத்திருப்பின் அச்செலவை, எஞ்சிய மாதங்களுக்கு ஏற்பக் கணக்கிட்டுத் திருப்பிக் கேட்பது நேர்மையே. அதற்குமேல் கேட்பதற்கு நன்றி என்று பெயரில்லை.

முதலாளி கொடுக்காததை முகவர் பறித்திருக்கவும் கூடும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நிகழ்ந்தது இத்தொழிலில் இருப்போர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு. 2007 முதல் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து ஏறத்தாழ 350 ஆசிரியர்கள் அம்மாநிலப் பொதுப் பள்ளிகளுக்கு அழைத்துவரப்பட்டனர். ஆள்சேர்ப்பு முகவருக்கு ஒவ்வொருவரும் பல்லாயிரம் டாலர் கட்டணம் செலுத்தினர்; முதல் தவணை கட்டிய பின்னரே, இரண்டாம் ஆண்டு ஊதியத்திலும் பத்து விழுக்காடு தர வேண்டும் என்பது தெரியவந்தது. திரும்பிப் போனால் கட்டியது போகும்; போகாவிட்டால் கடன் வளரும். அவர்கள் 2010இல் வழக்குத் தொடுத்தனர். 2012 டிசம்பரில் நடுவர் குழு 45 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அவ்வாசிரியர்களை வகுப்பறையில் நிறுத்திவைத்தது கடமையுணர்வா, கடனா? கடனால் நிற்பவரைக் கண்டு ‘ஒப்பந்தத்தை மதிக்கிறார்’ எனப் பாராட்டுவதுபோன்ற அறியாமை வேறில்லை.

இதுவரை சொன்னவற்றைப் படித்து, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்பார் மகிழ்ந்திருப்பர். அவர்களுடைய மகிழ்ச்சி நீடிக்கலாகாது.

முதலாளிக்குச் செலுத்த வேண்டிய கடனைப் பணமாக்கலாம். மாணவருக்கு உரியதைப் பணமாக்க இயலாது. ஆசிரியப் பணி மற்றைப் பணிகளினின்று வேறுபடும் இடம் இதுவே. ஒப்பந்தத் தாளில் மாணவர் ஒரு தரப்பினர் அல்லர். அவர் கையொப்பமிடவில்லை. அபராதத் தொகையில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் ஆசிரியர் போன மறுநாள் வெறிச்சோடிய மேசையைப் பார்த்து அமர்ந்திருப்பவர் அவர்தான். மூன்று மாத ஊதியத்தைச் செலுத்தியவர் நிலையத்தின் உரிமையாளரிடம் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளையிடம் தீர்க்கவில்லை.

சிங்கப்பூரின் தமிழ் வகுப்பில் இந்தப் பள்ளம் மேலும் ஆழமானது. கணித ஆசிரியர் ஒருவர் விலகினால் அடுத்த வகுப்பறையில் இன்னொருவர் இருப்பார். தமிழுக்கு அப்படியன்று. பல இடங்களில் தமிழ் வகுப்பு என்பது ஒரே ஓர் ஆசிரியர். அவர் போனால் வகுப்பே போயிற்று. இவ்வூரில் தமிழ்க் கல்வியின் வரலாறே ஆசிரியர் கிடைப்பதும் கிடைக்காமற்போவதுமான வரலாறுதான். 1834இல் சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் எழுந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்து, மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பெயரைத் தாங்கித் தமிழ்மொழி நிலையம் உருவாயிற்று. தங்கள் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள், பள்ளி முடிந்த களைப்போடு லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலைக்கு வந்து அந்நிலையத்தில் தமிழ் படித்துச் சென்ற காட்சி இவ்வூரார்க்குப் புதிதன்று. ஆசிரியர் இருக்கும் இடத்தைத் தேடிப் பிள்ளைகள் பேருந்து ஏறும் மொழி இது.

தாய்மொழி, தொடக்கப் பள்ளிகளில் 1960 முதலும் உயர்நிலைப் பள்ளிகளில் 1966 முதலும் கட்டாய இரண்டாம் மொழி ஆனது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அது நான்கு பாடங்களுள் ஒன்று. ஆகஸ்டு மாதத்தில் வாய்மொழித் தேர்வு. செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வு. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, தமிழில் வாய் திறந்து பேசுவதற்குப் பழகியிருப்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துத்தான். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லத் துணிவு வர ஆறு மாதம் ஆகியிருக்கும். ஜூலை மாதத்தில் அவர் இன்னும் முந்நூறு வெள்ளி கூடுதலாகத் தரும் நிலையத்துக்கு மாறிப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை நியமனச் சட்டம் அவரைத் தடுக்காது. ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதப்படாதிருந்தால், ஓராண்டு பணியாற்றியவர் கொடுக்க வேண்டிய அறிவிப்பு ஒரே வாரம்! சட்டம் தடுக்கவில்லை என்பதால் அச்செயல் தகுமா? தகாது. முந்நூறு வெள்ளி செப்டம்பருக்குப் பின்னும் கிடைக்கும். ஆகஸ்டு வாய்மொழித் தேர்வு அந்தப் பிள்ளைக்கு அவ்வாண்டில் மீண்டும் வாராது.

ஊதியம் வாராமற்போனவர், அவமதிக்கப்பட்டவர், நோயுற்றவர், ஊரில் தாய் படுத்த படுக்கையாகிவிட்டவர் ஆகியோரை இவ்வளவுகோலால் அளத்தல் கூடாது. தீப்பற்றிய வீட்டிலிருந்து வெளியேறுபவரிடம் பாடத்திட்டம் எங்கே எனக் கேட்பது மனிதப் பண்பன்று. இங்குக் கண்டிக்கப்படுவோர், இடர் ஏதுமின்றி, மேலும் சிறிது வசதிக்காகப் பருவத்தின் நடுவே, சில வேளைகளில் ஒரு சொல்லும் சொல்லாமல், திங்கட்கிழமை காலையில் காணாமற்போவோரே. வார இறுதியில் திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பணிவிலகும் செயலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மதிப்பெண் ஏடு எங்கே, எந்தப் பாடம்வரை முடிந்தது, எந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்பன எல்லாம் அவர் தலைக்குள்ளேயே கடல் கடந்துவிடுகின்றன. அடுத்து வருபவர் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

பொதுநலவாய நாடுகளின் கல்வித்துறையினர் 2004 செப்டம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டோக் ராச்ஃபர்டில் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் ஆள்சேர்ப்பு நெறிமுறை இவ்விடத்தில் கருதத்தக்கது. கரீபியன் தீவுகளின் ஆசிரியர்களை இங்கிலாந்துப் பள்ளிகள் அள்ளிக்கொண்டு போனதால் எழுந்த முறையீடுகளின் விளைவு அது. கட்டுப்படுத்தும் சட்டமன்று, நன்னெறி வழிகாட்டியே. எனினும் அதில் உள்ள ஒரு கருத்து தனித்து நிற்கிறது: ஆசிரியரை அனுப்பும் நாட்டின் கல்வியாண்டு நடுவில் அவரைப் பெயர்த்துக்கொண்டு போவதைத் தவிர்க்க, அழைக்கும் நாடு இயன்ற யாவும் செய்ய வேண்டும் என்பதே அது. பிள்ளைகளின் கல்வியாண்டே அளவுகோல். அனுப்பும் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் இந்நெறி அழைக்கும் நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்தாமற் போகுமா?

‘ஒருவர் இப்படிப் போனால், அடுத்துத் தமிழகத்திலிருந்து வருவோரை எவரும் நம்பமாட்டார்கள்’ எனச் சிலர் கவலைப்படுகின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பின்னால் வருவோரின் ஒப்பந்தத்தில் அபராதம் ஏறுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊதியம் தராத ஒரு நிலையத்தைக் காட்டி, ‘இனிச் சிங்கப்பூர் நிலையங்களையே நம்பமாட்டோம்’ எனத் தமிழக ஆசிரியர் சொன்னால் இவர்கள் ஏற்பார்களா? ஒருவரின் குற்றத்தை இனத்தின்மேல் ஏற்றும் பழக்கம் ஏழைக்கு மட்டுமே செய்யப்படுகிறது.

மேலும் ஒன்று. ஒப்பந்தத்தை இறுதிநாள்வரை நிறைவேற்றுவதே மாணவருக்குச் செய்யும் கடமை என்று நம்புவோர், இந்த ஒப்பந்தங்களில் அச்சிட்டிருக்கும் நாள்களைப் பார்த்ததுண்டா? சிங்கப்பூரின் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. நான்கு பருவங்கள், பருவத்துக்குப் பத்து வாரம். ஆனால் தனியார் நிலையங்களின் இரண்டாண்டு ஒப்பந்தம் பள்ளியாண்டைப் பார்த்துத் தொடங்குவதில்லை. வேலை அனுமதி கிடைத்து ஆசிரியர் வந்திறங்கும் நாளில் தொடங்குகிறது. மே மாதம் வந்தவரின் ஒப்பந்தம் மே மாதத்திலேயே முடிகிறது. அவர் ஒரு நாளும் குறையாமல், ஒரு காசும் அபராதமின்றி, மாலையும் நற்சான்றிதழும் பெற்று, இரண்டாம் பருவத்தின் நடுவே வகுப்பை விட்டுப் போகிறார். அவரை எவரும் ஏசுவதில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்தவரா நிறைவேற்றியவரா என்பது வகுப்பிலிருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு நாளிலும் மேசை ஒன்றுபோலவே வெறிச்சோடிக் கிடக்கிறது.

நிலையங்களின் உரிமையாளர்கள் மாணவர் நலம் கருதியே அபராதம் விதிப்பதாகச் சொல்லிக்கொள்கின்றனர். அவ்வாறாயின் அபராதத் தொகையை அடித்துவிட்டு, ஒப்பந்தம் முடியும் நாளை நவம்பர் எனத் திருத்தட்டும்; பருவத்தின் இடையில் விலகவோ விலக்கவோ கூடாதென இரு தரப்பையும் ஒருங்கே கட்டுப்படுத்தி எழுதட்டும்; பாட ஏட்டையும் மதிப்பெண் ஏட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க இரண்டு வாரம் ஊதியத்தோடு ஒதுக்கட்டும். ஓர் அச்சடித்த தாளில் மூன்று வரிகளுக்குமேல் இதற்குத் தேவையில்லை. புதிய ஆசிரியரின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே அதை எழுதிவிடலாம்.